கேப்டன் எங்கே என்று கேட்டார்கள்

கேப்டன் நசீரா எகுவெஸ் விமானம் ஓட்டப் பழகியது இறைச்சி விமானத்தில். பண்ணைகளில் வெட்டிய மாடுகளை ஏற்றிக்கொண்டு மலையேறி லா பாஸ் நகருக்குப் போகும் அந்தக் கிழட்டு விமானங்களில் இருக்கை கிடையாது, கதவு சரியாக மூடாது, கால் வைக்கிற இடமெல்லாம் ரத்தம். "ஆனா அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு, லிம்பெர்," என்பார் என்னிடம். "செத்த மாடு, இங்க யாரு கேப்டன்னு கேக்காது."

லிம்பெர் மெல்கார் என்பது நான். கார்சா விமானக் கம்பெனியில் பயணிகளுக்குக் காபி ஊற்றுவதும், பெல்ட் போடச் சொல்வதும், வாந்தி எடுப்பவர்களுக்குப் பை நீட்டுவதும் என் வேலை. எங்கள் ஆற்றங்கரை ஊரான ரிபெரால்தாவில் இதைப் பெண்கள் வேலை என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. நான் ஆறடிக்கு மேல் உயரம். நரைத்த பெரிய மீசை. பேசினால் படகுத்துறை வரை கேட்கும் குரல். நசீராவுக்கோ ஐந்தடிகூட நிரம்பவில்லை, குரலும் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல். கடவுள் பொட்டலம் பிரித்துக் கொடுத்தபோது எங்கள் இருவருடையதையும் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மாட்டிலிருந்து மனிதருக்கு மாறியபோதுதான் அவருக்குத் தொல்லை ஆரம்பித்தது. எங்கள் கம்பெனியில் அவர் கேப்டன் ஆன முதல் வாரம் அது. அவர் தலை அளவுக்குத் தொப்பி கிடைக்கவில்லை, வெறுந்தலையோடு வந்தார். ஏணிப்படி அடியில் நின்றவரிடம் ஒருவர் தண்ணீர் கேட்டார். இன்னொருவர் போர்வை கேட்டார். ஒரு தாய், பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடச் சொன்னாள். நசீரா துடைத்தும்விட்டார். அப்புறம் பெரிய அளவுத் தொப்பி ஒன்றையே வாங்கி, உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புத் தொப்பி, முன்பக்கம் தங்க நூலில் இலை வேலைப்பாடு. அதோடு டை, தோளில் நான்கு தங்கக் கோடு. மறுநாளிலிருந்து யாரும் அவரிடம் தண்ணீர் கேட்கவில்லை. அதே முகம்தான், அதே குரல்தான்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்து மக்களுக்குத் தபால் ஆபீஸ் மேல் நம்பிக்கை கிடையாது, கேப்டன் மேல்தான் நம்பிக்கை. விமானம் கிளம்புமுன் ஏணிப்படி அடியில் வந்து நின்று கேப்டன் கையில் பொட்டலம் கொடுப்பார்கள். ஐஸ் வைத்துக் கட்டிய ஊசி மருந்து, மகள் கல்யாணத்துக்கு மோதிரம், வீட்டுச் சாவி, ஒருமுறை ஒருவருடைய பல்செட். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். தொப்பி வந்த பிறகு நசீராவின் கையிலும் பொட்டலங்கள் வந்தன. அந்தப் பல்செட்டை அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் கணவர் ஓர்மாந்தோவும் எங்கள் கம்பெனியில்தான் கேப்டன். வழுக்கைத் தலை, அகலத் தோள், வாயைத் திறந்தால் சிரிப்பு. அவருக்குத் தொப்பி என்றால் ஆகாது. கழற்றினால் நெற்றியைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும், இரவுவரை போகாது.

இப்படி இருக்கும்போதுதான் சாந்தா குரூஸ் நகரிலிருந்து ஃபாபியான் உர்கிதி என்ற எஞ்சினியர் புது மேலாளராக வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வெயிலில் நின்று பழக்கமில்லாதவர். விமானிகளைக் கேன்டீனில் கூட்டி, வெளிர் நீலத்தில் ஒரு டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சில் கம்பெனியின் கொக்குப் படம்.

"இனிமே விமானிகளுக்கு இதுதான் உடுப்பு. தொப்பி, டை, தோள்பட்டைக் கோடு மூணும் வேண்டாம். அதெல்லாம் ராணுவம் மாதிரி இருக்கு. கேப்டன்னா பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கணும்."

"நீங்க தெய்வம், எஞ்சினியர்," என்றார் ஓர்மாந்தோ. "மத்தியான வெயில்ல அந்தத் தொப்பிக்குள்ள முட்டை வெச்சா வெந்துடும். என் தலையை முட்டைன்னு நெனச்சுக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நசீரா சொன்னார்: "எனக்கு வேணும்."

"என்ன வேணும்?"

"தொப்பி. டை, கோடு, எல்லாம். போட்டாதான் நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுது."

"நீ யாருன்னு உன் லைசென்ஸ்ல எழுதியிருக்கே," என்றார் ஓர்மாந்தோ.

"லைசென்ஸ் என் பையில இருக்கு, கிழவா. தலையில இல்ல."

"கேப்டனம்மாவுக்குத் தொப்பி மேல ஆசை விடல," என்றார் ஒரு விமானி. மறுபடி சிரிப்பு.

நசீரா அவரை முறைக்கவில்லை. மேசை மேல் கிடந்த டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார். "சாதாரண நாள்ல யாரு தண்ணி கேட்டாலும் குடுத்துட்டுப் போறேன், எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா? அப்போ நான் சொல்றதை அவங்க யோசிக்காம கேக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"ஆபத்து வந்தா யாரும் உடுப்பைப் பாக்க மாட்டாங்க," என்றார் ஓர்மாந்தோ. அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

கை தூக்கச் சொன்னார்கள். நசீராவைத் தவிர எல்லாக் கையும் தொப்பிக்கு எதிராகவே எழுந்தது. அவர் தோற்றுவிட்டு, டி-ஷர்ட்டில் சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

எங்கள் வகையறாவுக்கு, அதாவது காபி ஊற்றுகிறவர்களுக்கு, புது உடுப்பு இன்னும் தைத்து வரவில்லை. ஆகவே நான் பழையபடி கறுப்பு அரைக்கோட்டு, டை, நெஞ்சில் பித்தளைச் சிறகு என்று நின்றேன். பக்கத்தில் முட்டி வரை தொங்கும் நீல டி-ஷர்ட்டில் நசீரா. முதல் நாளே பொட்டலங்களெல்லாம் என் கைக்கு வந்தன. "கேப்டன், இது என் தம்பிக்கு, கைல குடுத்துடுங்க," என்றாள் ஒருத்தி. கேப்டன் இவர் என்று நசீராவைக் காட்டினேன். அவள் நசீராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"வாங்கிக்கோங்க, கேப்டன்," என்றார் நசீரா என்னிடம். அவரும் சிரித்தார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது? நாலு பேருக்குச் சொன்னேன், அப்புறம் வாய் வலித்தது.

மழை மாதங்கள் வந்தன. ஒரு காலை மக்தலேனா என்ற சின்ன ஊரில் இறங்கினோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, ஓடுபாதை சோப்பு தேய்த்த மாதிரி. சக்கரம் தரையைத் தொட்டது நன்றாகத்தான் தொட்டது. வேகம் குறைந்து வரும்போது இடப்பக்கம் வழுக்கி, இடச் சக்கரம் சேற்றில் இறங்கி, அந்தப் பக்கத்து எஞ்சின் தரையில் இடித்து நின்றோம். உள்ளே யாருக்கும் அடி இல்லை. ஆனால் இட எஞ்சினிலிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது.

இப்படி ஆனால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பழக்கம் உண்டு. துணை விமானி உள்ளேயே இருந்து எல்லாவற்றையும் அணைப்பான். கேப்டன் எழுந்து பயணிகளிடம் வந்து, எந்தப் பக்கம் இறங்குவது என்று சொல்வார். மின்சாரத்தை வெட்டியதால் மைக் செத்துவிட்டது. நான் வாலில், வலப்பக்கக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இடித்ததில் அது கொஞ்சம் நெளிந்து பிடித்துக்கொண்டது.

நசீரா முன்னாலிருந்து வந்தார். "பெட்டியை விடுங்க. எல்லாரும் பின்னால, வலப்பக்கக் கதவு. இடப்பக்கம் திறக்காதீங்க." கதவோடு போராடிக்கொண்டிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

யாரும் அசையவில்லை. நடைபாதையில், மரியாதைக்கு நாங்கள் தோன் போட்டு அழைக்கும் சீரோ நோசா என்ற பண்ணைக்காரர், ஐஸ் பெட்டியில் மீன் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர், பெட்டியை அணைத்தபடி வழியை அடைத்து நின்றார். எங்கள் ஆற்று மீனைச் சாம்பலாக விட்டுவிட்டு வர எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது.

"தள்ளு பொண்ணு," என்றார் நசீராவிடம். "கேப்டன் எங்க? அவர் வந்து சொல்லட்டும்."

"நான்தான் கேப்டன்."

அவர் நசீராவின் தலைக்கு மேலாக விமானி அறைக் கதவைப் பார்த்தார். அங்கிருந்து யாராவது வருவார் என்று பார்த்தார். அவர் மட்டுமல்ல, எல்லோரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நசீரா மறுபடி கத்தினார், குரல் உடைந்தது. அதே நேரம் என் கதவு திறந்துகொண்டது. நான் திரும்பி, அவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன்: பெட்டியை விடுங்க, பின்னால, வலப்பக்கம். தோன் சீரோ மீன் பெட்டியைப் போட்டுவிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி வந்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

ஆனால் அந்த இடைவெளியில், மக்தலேனாவில் சீஸ் ரொட்டி சுட்டு விற்கும் தோன்யா தெல்மீரா என்ற அம்மா, புகையைப் பார்த்துப் பயந்து, பக்கத்திலிருந்த இடப்பக்க அவசரக் கதவைத் திறந்து குதித்துவிட்டார். இறக்கை சரிந்து கிடந்தது. எண்ணெயும் சேறும். வழுக்கி விழுந்து கால் முறிந்தது. நசீராதான் முதலில் போய் அவரைப் புகையிலிருந்து இழுத்து வந்தார். தன் பெல்ட்டைக் கழற்றி, குடைக் கம்பை வைத்துக் காலைக் கட்டினார். மழையில் புகை அடங்கிவிட்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்கிறேன். பயணிகள் வேறு விதமாகச் சொன்னார்கள். அன்று மாலையே ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். எல்லோரும் நேர்மையாக, ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள்: கேப்டன் தன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு பெண் வந்து கத்தினாள், அப்புறம் மீசைக்காரர் வந்து இறக்கினார், கேப்டனை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேப்டன் எப்படிப்பட்ட மனிதன், இத்தனை உயிரை விட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தானே என்று தோன் சீரோ வானொலியில் வேறு பேசினார்.

ஆபத்தில் பயணிகளை விட்டுவிட்ட கேப்டனுக்கு மறுபடி விமானம் கிடையாது. விதி அப்படி. நானும் துணை விமானியும் நடந்ததைச் சொன்னோம். கம்பெனிக்காரர்கள் கேப்டனைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னார்கள்.

விசாரணை வரும்வரை நசீராவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் பார்க்கப் போனேன். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஓர்மாந்தோ வேலைக்குப் போயிருந்தார்.

"வெளியில வந்து கத்தினது பொய்யின்னு எனக்கே சில நேரம் தோணுது, லிம்பெர்," என்றார். "அத்தன பேரு இல்லைன்னா, நான் மட்டும் எப்படி ஆமாங்கறது?"

"நான் கேட்டேனே, கேப்டன்."

"நீங்க கேட்டீங்க. நீங்க எறங்க வேண்டியவர் இல்லையே."

துணியைப் பிழிந்து உதறிப் போட்டார். அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வார்த்தை இருந்திருக்கும்.

விசாரணை எங்கள் விமான நிலையத்து மேல் அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் மலை ஊர்க்காரர், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. பேச்சு குறைவு. உர்கிதி ஒரு பக்கம், கடைசி பெஞ்சில் ஓர்மாந்தோ, நடுவில் நீல டி-ஷர்ட்டில் நசீரா. தோன் சீரோ முதலில் வந்து தன் மீன் பெட்டியைப் பற்றி நிறையப் பேசினார். பிறகு தோன்யா தெல்மீராவை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள். கால் கட்டுப் போட்டு நீட்டியிருந்தது.

"கேப்டன் வெளியில வந்தாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லீங்க ஐயா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல."

நசீரா குனிந்துகொண்டார்.

"எந்தப் பக்கம் எறங்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. ஒரு பொண்ணு சொல்லுச்சு. பெட்டியை விடுங்க, வலப்பக்கம் போங்க, இடப்பக்கம் திறக்காதீங்கன்னு. மீசைக்காரருக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. தெளிவா காதுல விழுந்துச்சு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அப்புறம் ஏன் இடப்பக்கம் திறந்தீங்க?"

"சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். கேப்டன் வந்து சொல்லட்டும்னு நின்னேன். அவர் வரல. பொகை வந்துச்சு. பயந்துட்டேன்." அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நசீராவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இதோ, இந்தப் பொண்ணுதான். எங்கால்ல கட்டுப் போட்டதும் இதுதான். தங்கமான பொண்ணு. ஐயா, இதை ஒண்ணும் பண்ணிடாதீங்க, பாவம். அந்தக் கேப்டனைத் தண்டிங்க. இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டிருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"அம்மா," என்றார். "இவங்கதான் கேப்டன்."

தோன்யா தெல்மீரா முதலில் அவரைப் பார்த்தார், பிறகு நசீராவை, பிறகு தன் காலை.

"அதை எங்ககிட்ட யாரும் சொல்லலையே," என்றார்.

நான் சொன்னேன், தோன்யா, நாலு பேருக்குச் சொன்னேன் என்று எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது என்னிடம் இல்லை.

நசீராவின் விமானம் நசீராவுக்கே திரும்பக் கிடைத்தது. கேப்டன் வெளியே வந்தார், சரியானதைச் சரியான நேரத்தில் சொன்னார் என்பதற்கு, கேப்டனைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தவரே சாட்சி.

அந்த வாரமே உர்கிதி எல்லோரையும் மறுபடி கேன்டீனில் கூட்டினார். முகம் வாடியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன்.

"கேப்டன் நசீரா விரும்பினா பழைய உடுப்பு போட்டுக்கலாம்," என்றார். "கம்பெனிக்கு ஆட்சேபணை இல்ல."

"எனக்கு மட்டும்னா வேண்டாம்," என்றார் நசீரா.

"நீங்கதானே கேட்டீங்க?"

"நான் மட்டும் போட்டுக்கிட்டா, தொப்பி இருந்தா பொம்பள, இல்லேன்னா கேப்டன்னு ஆயிடும். எல்லாரும் போட்டாதான் அது கேப்டனோட தொப்பி."

சரி, எல்லோருக்கும் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் உர்கிதி. நசீராவின் கை மட்டும். மற்றவர்கள் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்களுக்குத் தொப்பி தேவைப்பட்டதே இல்லை, அவ்வளவுதான்.

நசீரா கணவர் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "அன்னிக்கு என் எடத்துல நீ இருந்திருந்தா, கிழவா, இதே சட்டையோட போய் நின்னாலும் கேட்டிருப்பாங்க."

ஓர்மாந்தோ எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று காத்திருந்தோம். அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "கேட்டிருப்பாங்க. நான் இடப்பக்கம் எறங்குங்கன்னு தப்பா சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாங்க."

அவர் கை மெல்ல எழுந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"கைய எறக்கு, கிழவா," என்றார் நசீரா. "பாத்துட்டேன்."

ஓர்மாந்தோ இறக்கவில்லை. அடுத்தவர் கை எழும்வரை அப்படியே நின்றார், அதற்கடுத்தவர் கை எழும்போதும் அப்படியே நின்றார்.